கட்டுக்கரை வயலோரச் சிறு பாடசாலை: சித்தியடைந்தவர்களும் நாம் பார்க்கத் தவறியவர்களும்

காலை ஏழரைக்கு மணி அடிக்கிறது. பூவரச மரத்தில் கட்டித் தொங்கவிடப்பட்ட, உழவு இயந்திரத்தின் தேய்ந்துபோன கலப்பைத் தட்டுத்தான் அந்த மணி. அதை இரும்புக் கம்பியால் தட்டும் பொறுப்பு தரம் ஐந்து மாணவருக்கு உரியது. ஓசை கேட்டதும் வாய்க்கால் வரம்பு வழியாகப் பிள்ளைகள் வரிசையாக ஓடி வருகின்றனர். சிலருடைய காலில் செருப்பு இல்லை. ஆயினும் எல்லாருடைய சட்டையும் வெள்ளையாகத் தோய்த்திருக்கிறது. கிணற்றடியில் தண்ணீர் வற்றும் காலத்திலும் அந்தத் தாய்மார் இதை எப்படிச் செய்கிறார்களோ என்று நான் பல தடவை வியந்ததுண்டு.

மன்னார் மாவட்டத்தில் கட்டுக்கரைக் குளத்துத் தண்ணீரை நம்பி வயல் செய்யும் கிராமம் ஒன்றின் ஆரம்பப் பாடசாலை இது. தரம் 1 தொடக்கம் தரம் 5 வரை மட்டுமே உண்டு. பாடசாலையின் பெயரை எழுத வேண்டாம் என்று அதிபர் கேட்டுக்கொண்டார். பெயரை எழுதினால் எந்தப் பிள்ளை என்ன புள்ளி எடுத்தது என்பதை ஊரார் உடனே அறிந்துவிடுவார்கள் என்பது அவருடைய கவலை. அது நியாயமானது என்பதால் பிள்ளைகளின் பெயர்களையும் இங்கே தவிர்த்திருக்கிறேன்.

இந்தப் பாடசாலையின் செய்திகளை நான் எழுத வந்ததற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, இடம்பெயர்ந்து அல்லலுற்ற குடும்பங்களின் பிள்ளைகள் செய்த நல்ல காரியங்களை நீங்கள் அறிய வேண்டும். மற்றையது, அக்காரியங்களுள் ஒன்றை நானே காணத் தவறினேன். அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டியிருக்கிறது.

பாடசாலை வந்த வழி

ஊரின் கதையே பாடசாலையின் கதை. 1990 ஆம் ஆண்டு ஜூனில் யுத்தம் மீண்டும் மூண்டபோது இப்பகுதி மக்களுட் பலர் மடுத்திருப்பதி வளவில் தஞ்சம் புகுந்தனர். அங்கே பாலை மரங்களின் கீழ் வகுப்புகள் நடந்தன. மழை வந்தால் பாடசாலை முடிந்தது என்று பொருள். பின்னர் ஊருக்குத் திரும்பி, கிடுகுக் கொட்டில் போட்டு, அதையும் விட்டு மீண்டும் ஓட வேண்டியதாயிற்று.

2007, 2008 ஆம் ஆண்டுகளில் மாந்தை மேற்கிலும் அதனை அண்டிய பகுதிகளிலும் நடந்த சண்டைகளின்போது ஊர் முழுவதும் கிழக்கு நோக்கிப் பெயர்ந்தது. கிளிநொச்சி, தருமபுரம், விசுவமடு, பின்னர் முல்லைத்தீவுக் கரையோரம். ஒவ்வோர் இடத்திலும் சில கிழமைகள் தறப்பாளின் கீழ் படிப்பு நடந்தது. 2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்தபோது எஞ்சியவர்கள் வவுனியா செட்டிகுளத்தில் இருந்த மெனிக் பாம் முகாம்களில் இருந்தனர். ஏறக்குறைய மூன்று இலட்சம் மக்கள் முட்கம்பிக்குள் வாழ்ந்த காலம் அது.

அந்த முகாம்களிலும் பாடசாலைகள் தொடங்கின. தகரக் கூரை, தறப்பாள் சுவர், மண் தரை. சில மாதங்களுக்கு முன்புவரை பதுங்கு குழிக்குள் இருந்த பிள்ளைகள் 2009 ஓகஸ்டில் தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சைக்குத் தோற்றினர். எழுதுவதற்குப் பென்சில் கொடுத்தபோது அதைப் பிடிக்கக் கை நடுங்கிய பிள்ளைகள் இருந்தனர் என்று அக்காலத்தில் அங்கு கற்பித்த ஆசிரியை ஒருவர் எனக்குச் சொன்னார். எத்தனை பேர் சித்தியடைந்தார்கள் என்று கேட்டேன். "பாதர், வந்து இருந்து எழுதினதே எங்களுக்குச் சித்தி தான்" என்றார்.

மீள்குடியேற்றம் தொடங்கிய பின்னர் ஊர் திரும்பியவர்கள் பாடசாலையின் இடத்தில் கண்டது அத்திவாரத்தையும் ஒரு சுவரையுமே. பற்றை வெட்டி, கண்ணிவெடி அகற்றப்படும்வரை காத்திருந்து, முதலில் கோயில் விறாந்தையில் வகுப்பைத் தொடங்கினார்கள். இன்றுள்ள கட்டடம் அதன் பின்னர் எழுந்தது.

சேர்விடாப்பைச் சுமந்த கதை

இவ்வளவு ஓட்டத்திலும் பாடசாலையின் பொருள் ஒன்று தப்பியிருக்கிறது. அது பழைய சேர்விடாப்பு. பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, தகப்பன் பெயர், சேர்ந்த நாள் ஆகியவற்றை எழுதிவைக்கும் அந்தத் தடித்த புத்தகத்தை, முன்னைய அதிபர் யூரியாப் பையில் சுற்றி, அரிசிப் பானைக்குள் வைத்துச் சுமந்தார். கதிரையும் மேசையும் போய்விட்டன. பதக்கங்களும் கேடயங்களும் போய்விட்டன. அந்தப் புத்தகம் மட்டும் ஈரக் கறையுடன் இன்றும் அலுமாரியில் இருக்கிறது.

"இதை ஏன் சுமந்தீர்கள்?" என்று அவரிடம் ஒருமுறை கேட்டேன். இப்போது ஓய்வு பெற்று வீட்டோடு இருக்கிறார். "பிள்ளையளின்ர பேர் அதில தானே இருக்குது" என்று மட்டும் சொன்னார்.

அந்தப் பதிலின் பெறுமதி பின்னரே விளங்கியது. ஊர் திரும்பியவர்களிற் பலரிடம் பிறப்புச் சான்றிதழ் இல்லை. அடையாள அட்டை எடுக்கவும் பரீட்சைக்கு விண்ணப்பிக்கவும் காணி அலுவல்களுக்கும் பிறந்த திகதிக்கு ஓர் ஆதாரம் வேண்டும். பிள்ளைகளாக அந்தப் பாடசாலையில் சேர்ந்து, இப்போது பிள்ளை பெற்றவர்களாகத் திரும்பி வந்த பலருக்கு அந்தக் கறைபடிந்த புத்தகத்தின் ஒரு வரி உதவியது.

ஐவர் எழுதிய பரீட்சை

இனிச் செய்திக்கு வருவோம். 2024 செப்டெம்பர் 15 ஆம் திகதி நடந்த புலமைப்பரிசில் பரீட்சைக்கு இப்பாடசாலையிலிருந்து ஐவர் தோற்றினர். மூன்று சிறுமியர், இரண்டு சிறுவர்கள்.

அந்த ஆண்டின் பரீட்சை நாடு முழுவதும் பேசப்பட்டதை நீங்கள் அறிவீர்கள். முதலாம் வினாத்தாளின் மூன்று வினாக்கள் முன்கூட்டியே வெளியாகிவிட்டன என்ற முறைப்பாடு எழுந்தது. மீண்டும் பரீட்சை வைக்க வேண்டும் என்று சிலரும், வேண்டாம் என்று சிலரும் வாதிட்டனர். வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. அந்த மூன்று வினாக்களுக்கும் எல்லாப் பிள்ளைகளுக்கும் முழுப் புள்ளி வழங்க வேண்டும் என்று 2024 டிசெம்பர் 31 ஆம் திகதி தீர்ப்பாயிற்று. பெறுபேறுகள் 2025 ஜனவரியிலேதான் வெளிவந்தன.

பத்து வயதுப் பிள்ளைக்கு நான்கு மாதம் என்பது மிக நீண்ட காலம். அதற்கிடையில் இவர்களுக்கு இன்னொரு சோதனையும் வந்தது. 2024 நவம்பர் இறுதியில் பெய்த பெருமழையில் வயல்கள் மூழ்கின. காலபோகப் பயிர் அழுகிய நாற்றம் வகுப்பறை வரை வந்தது. சில நாட்கள் பாடசாலைக் கட்டடமே தங்குமிடமாயிற்று. யுத்தத்தால் இடம்பெயர்ந்தவர்கள் வெள்ளத்தாலும் பாய் சுருட்ட வேண்டியதாயிற்று. மறுபடி சோதனை எழுத வேண்டுமா, எழுதத் தேவையில்லையா என்று தெரியாமல், பழைய வினாத்தாள்களை நனையாமல் வளையில் செருகி வைத்துக்கொண்டு பிள்ளைகள் காத்திருந்தனர்.

பெறுபேறு வந்தது. ஒரு சிறுமி மாவட்ட வெட்டுப்புள்ளியைத் தாண்டியிருந்தாள். மீள்குடியேறிய பின் இப்பாடசாலையில் முதன்முறையாக நிகழ்ந்தது இது. அவளுடைய தகப்பனார் கூலிக்கு வயல் வெட்டுபவர். மின்சாரம் போகும் இரவுகளில் குப்பி விளக்கில் படித்தவள். வேறு இருவர் வெட்டுப்புள்ளியை எட்டவில்லை எனினும் எழுபதுக்கு மேல் பெற்றிருந்தனர். மற்றைய இருவரும் அதற்குக் கீழே.

ஊர் மகிழ்ந்தது. பாடசாலைப் படலையில் சிறுமியின் படத்துடன் பதாகை கட்டப்பட்டது. வெடி கொளுத்தினார்கள். அது பிழையென்று சொல்லேன். துக்கச் செய்திகளையே கேட்டுப் பழகிய ஊருக்கு ஒரு மகிழ்ச்சி வேண்டித்தானே இருந்தது!

கோயிலில் நான் செய்த பிழை

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை, திருப்பலி முடிவில் அச்சிறுமியை முன்னே அழைத்தேன். அவளுடைய முயற்சியைப் பாராட்டி நாலு வார்த்தை பேசி, புதிய புத்தகப் பை ஒன்றைப் பரிசளித்தேன். எல்லாரும் கைதட்டினர். முன்வரிசைப் பாயில் அவளோடு பரீட்சை எழுதிய மற்ற நால்வரும் இருந்து கைதட்டிக்கொண்டிருந்தனர்.

அவர்களில் ஒருவன் பீடப்பணியாளன். பூசை முடிந்து பாத்திரங்களை எடுத்து வைக்கும்போது, என்னைப் பார்க்காமலே கேட்டான்: "பாதர், நாங்கள் நாலு பேரும் இனி என்ன செய்யிறது?"

நான் அவசரத்தில் இருந்தேன். அடுத்த கோயிலுக்குப் பூசைக்குப் போக வேண்டும். "கவலைப்படாதே, இனி நல்லாப் படி" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்தேன். குருமடத்தில் எத்தனையோ ஆண்டுகள் படித்த எனக்கு அந்தப் பிள்ளையிடம் சொல்லக் கிடைத்தது அவ்வளவுதான்.

ஊர்ப் பாடசாலை தரம் 5 உடன் முடிவதால், தரம் 6 க்கு ஐந்து கிலோமீற்றர் தொலைவிலுள்ள மகா வித்தியாலயத்துக்குப் போக வேண்டும். புதிய வகுப்பு தொடங்கி ஒரு கிழமையாகியும் அந்தச் சிறுவன் அங்கே போகவில்லை என்று வகுப்பாசிரியை வந்து சொன்னார். நான் அவன் வீட்டுக்குப் போனேன். தாய் வெளிநாட்டில் வீட்டுவேலைக்குப் போய் மூன்று ஆண்டுகள். தகப்பன் வவுனியாவில் அரிசி ஆலையில் வேலை. அப்பப்பாதான் வளர்க்கிறார். சிறுவன் மாடுகளோடு குளக்கட்டுக்குப் போயிருந்தான்.

"படிப்பு தனக்குச் சரிவராதாம் பாதர். பெயிலாப் போனவன் போய் என்னத்துக்கு எண்டு கேக்கிறான்" என்றார் பெரியவர். பிறகு, எதையோ நினைத்துக்கொண்டவர் போலத் தொடர்ந்தார்: "ஆனா எனக்கு விளங்கேல்ல. வெள்ளத்துக்குப் பிறகு கமநல சேவை நிலையத்தில நோட்டீஸ் ஒட்டினவை. அழிஞ்ச வயலைப் பாக்க உத்தியோகத்தர் செவ்வாய்க்கிழமை வருவார் எண்டு ஊரில எல்லாரும் சொன்னவை. எனக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது தானே. இவன் தான் நிண்டு முழுக்க வாசிச்சுப்போட்டு, 'இல்லை அப்பப்பா, எங்கட பக்கத்துக்குச் சனிக்கிழமை எண்டு போட்டிருக்கு, உர மானிய இலக்கமும் கொண்டு வரட்டாம்' எண்டவன். ஓடிப்போய் மற்ற வீடுகளுக்கும் சொன்னவன். அண்டைக்கு நாங்கள் வயலில நிண்டபடியா எங்கட பேர் பதிஞ்சது. அப்பிடி வாசிக்கிற பிள்ளை எப்பிடிப் பாதர் பெயில்?"

எனக்குப் பதில் வரவில்லை. புத்தகப் பை நினைவுக்கு வந்தது. நஷ்டஈட்டுப் பதிவை இழக்கவிருந்த பல வீடுகளைக் காப்பாற்றிய பிள்ளையை, ஊரார் முன்னிலையில் பாயில் இருத்தி வைத்துக் கைதட்டச் செய்தவன் நான்.

வகுப்பறையில் நடந்தது என்ன?

பாடசாலைக்குப் போய் வகுப்பாசிரியையிடம் விசாரித்தேன். அவர் சொன்னது எல்லாப் பெற்றோரும் கேட்க வேண்டியது.

அந்தச் சிறுவன் தரம் 3 இல் வேறு பாடசாலையிலிருந்து வந்து சேர்ந்தபோது தன் பெயரை மட்டுமே எழுதுவான். கரும்பலகையைப் பார்த்து அழகாகக் கொப்பியில் எழுதுவான். எழுதியதை வாசிக்கச் சொன்னால் மௌனம். இத்தகைய பிள்ளைகள் அநேகர் உண்டு என்கிறார் ஆசிரியை. கொப்பி நிறைந்திருப்பதைக் கண்டு தாய் தகப்பன் பிள்ளை படிக்கிறது என்று நம்பிவிடுவார்கள்.

ஆசிரியை தரம் 3, தரம் 4 இரண்டையும் ஒரே அறையில் நடத்துபவர். அதற்குள்ளும் நாளாந்தம் அரை மணி நேரத்தை அவனுக்கும் இன்னும் மூவருக்கும் ஒதுக்கினார். பழைய கலண்டர்த் தாள்களின் பின்புறத்தை வெட்டி அட்டை செய்தார். புத்தகத்திலுள்ள சொற்களை உடனே எடுக்கவில்லை. பிள்ளைகளின் வாயிலிருந்தே சொற்களை வாங்கினார். வரம்பு, வாய்க்கால், துருசு, களை, உப்பட்டி, சூடு. இந்தச் சொற்களையே அட்டையில் எழுதினார். அட்டையைப் பார்த்துச் சொல்ல வேண்டும், பிறகு மணலில் விரலால் எழுத வேண்டும், பிறகு அச்சொல்லை வைத்து ஒரு வசனம் சொல்ல வேண்டும். "அவன் அணில் எண்டு எழுத முந்தித் துருசு எண்டு எழுதினவன்" என்று சிரித்தார்.

ஆறு மாதத்தில் வசனங்களை வாசித்தான். தரம் 5 முடியும்போது பத்திரிகைத் துண்டொன்றைத் தட்டித் தடவி வாசித்துக் கருத்துச் சொன்னான். ஆனால் புலமைப்பரிசிலின் முதலாம் வினாத்தாள் கேட்பது வேறு: குறித்த நேரத்துக்குள் நாற்பது வினாக்கள், கோலங்கள், புதிர்கள், தர்க்கம். இரண்டரை வருடத்தில் மூன்று வருடப் பாடத்தை எட்டிப்பிடித்த பிள்ளைக்கு அந்த வேகம் வரவில்லை. அவன் பெற்ற புள்ளி அவன் நின்ற இடத்தைக் காட்டியது. எங்கிருந்து புறப்பட்டு வந்தான் என்பதை அது காட்டவில்லை.

மற்றைய செய்திகள்

விளையாட்டு: வலய மட்டத்தில் நடந்த சிறுவர் விளையாட்டில் அஞ்சலோட்டத்தில் இப்பாடசாலைப் பிள்ளைகள் மூன்றாம் இடம் பெற்றனர். பயிற்சி செய்த மைதானம் அறுவடை முடிந்த வயல். சப்பாத்து இல்லாமல் ஓடினார்கள்.

தமிழ்மொழித் தினம்: கோட்ட மட்டப் போட்டியில் தரம் 4 சிறுமி ஒருத்தி கதை சொல்லலில் இரண்டாம் இடம் பெற்றாள். அவள் சொன்னது அம்மம்மா சொல்லிக்கொடுத்த, குளக்கட்டு உடைந்த இரவின் கதை.

தோட்டம்: கிணற்றடியில் வழிந்தோடும் தண்ணீரைக் கொண்டு முருங்கை, வல்லாரை, பயற்றை, கத்தரி நட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு பாத்தி. நட்ட நாள், முளைத்த நாள், காய்த்த எண்ணிக்கை எல்லாவற்றையும் பிள்ளைகளே எழுதுகிறார்கள். ஒரு பாத்தியின் நீள அகலத்தை அளந்து கணிதம் படிக்கிறார்கள். இலைக்கஞ்சிக்குத் தேவையான கீரையில் ஒரு பகுதி இங்கிருந்தே வருகிறது. கஞ்சி கொடுக்கும் நாட்களில் வரவு கூடுவதாக அதிபர் சொல்கிறார். பசியோடு வரும் பிள்ளைக்கு எழுத்து ஏறாது என்பதை அறிய ஆராய்ச்சி வேண்டியதில்லை.

வரவு: வெட்டுக் காலத்தில் பிள்ளைகளை மறிப்பது இவ்வூரில் குறைந்திருக்கிறது. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் தாய்மாரே இதைத் தீர்மானமாக எடுத்தனர்.

புலமைப்பரிசில் பற்றிப் பெற்றோர் அறிய வேண்டியவை

இந்நாட்டில் கன்னங்கராவின் முயற்சியால் 1945 ஆம் ஆண்டு இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. பணமில்லாத கிராமத்துப் பிள்ளையும் நல்ல பாடசாலையில் படிக்க வழி திறக்க வேண்டும் என்பதே புலமைப்பரிசிலின் பழைய நோக்கம். இன்று அது பத்து வயதுப் பிள்ளைகளின் கழுத்தில் கட்டிய கல்லாகிவிட்டது. அதனால் சில விடயங்களைத் தெளிவாக அறிந்திருத்தல் நல்லது.

முதலாவது, ஆண்டுதோறும் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் இப்பரீட்சைக்குத் தோற்றுகின்றனர். வெட்டுப்புள்ளியைத் தாண்டுபவர்கள் அண்மைய ஆண்டுகளில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கினர். அப்படியென்றால் ஆறு பேரில் ஐவர் தாண்டாமல் விடுவது பரீட்சையின் அமைப்பிலேயே இருக்கிறது. அந்த ஐவரையும் தோல்வியடைந்தவர்கள் என்று அழைத்தால் நாட்டின் பிள்ளைகளில் பெரும் பங்கினரைப் பத்து வயதிலேயே தள்ளிவிடுகிறோம்.

இரண்டாவது, வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டமும் மொழிமூலத்துக்கு ஏற்பவும் மாறுபடும். வேறு மாவட்டத்து உறவினரின் பிள்ளையோடு ஒப்பிட்டு உங்கள் பிள்ளையை ஏசாதீர்கள்.

மூன்றாவது, வெட்டுப்புள்ளியைத் தாண்டாத பிள்ளையின் படிப்பு எவ்விதத்திலும் நின்றுவிடுவதில்லை. தரம் 6 இல் அதற்கு இடம் உண்டு. பதினாறு வயது வரை பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்புவது இன்று சட்டப்படியும் கட்டாயம்.

நான்காவது, சித்தியடைந்த பிள்ளை நகரப் பாடசாலைக்குப் போகத்தான் வேண்டும் என்று விதியில்லை. போவதா, இருப்பதா என்பதைப் பிள்ளையின் மனதையும் தங்குமிடத்தையும் செலவையும் பார்த்துத் தீர்மானியுங்கள். நமது சிறுமியின் பெற்றோர் ஒரு கிழமை யோசித்தனர். இறுதியில் மன்னார் நகரில் சித்தி வீட்டில் தங்கிப் படிக்கப் போனாள். முதல் தவணை முழுவதும் அழுதாள் என்று தாய் சொன்னார். இப்போது பழகிவிட்டாள். விடுமுறைக்கு வந்தால் தன் பழைய பாத்தியைப் பார்க்கப் பாடசாலைக்கு ஓடிவருகிறாள்.

இன்னும் இடம்பெயர்ந்திருக்கும் பெற்றோருக்கு

1990 இல் வலிகாமம் வடக்கை விட்டு வந்து, காணி முழுவதும் இன்னும் கைக்கு வராதவர்கள் உங்களில் இருக்கிறீர்கள். 2025 நவம்பர் இறுதியில் அடித்த டித்வா சூறாவளியால் வீடிழந்தவர்களும் இருக்கிறீர்கள். யாராயினும், இச்சிறு பாடசாலையின் அனுபவத்திலிருந்து சிலவற்றைச் சொல்ல விரும்புகிறேன்.

ஓட வேண்டி வந்தால் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கடைசித் தேர்ச்சி அறிக்கை, குடும்ப அட்டை ஆகியவற்றைப் பொலித்தீன் பையொன்றில் இட்டு ஆயத்தமாக வைத்திருங்கள். சான்றிதழ் தொலைந்திருந்தால் கிராம அலுவலரிடமும் பிரதேச செயலகத்திலும் விசாரித்துப் பிரதி எடுக்கலாம். பிறப்பே பதியப்படாத பிள்ளைக்குக் காலங்கடந்த பதிவுக்கும் வழி உண்டு.

போய்ச் சேர்ந்த இடத்தில் அண்மையிலுள்ள பாடசாலைக்குப் பிள்ளையை உடனே அழைத்துச் செல்லுங்கள். விடுகைப் பத்திரம் இல்லையே என்று வீட்டில் வைத்திருக்க வேண்டாம். "ஊருக்குப் போன பிறகு பார்ப்போம்" என்று சொன்ன குடும்பங்களின் பிள்ளைகள் சிலர் பாடசாலைப் பருவத்தையே முகாமில் தொலைத்ததை நாம் கண்டிருக்கிறோம்.

நாளுக்கு ஒரு தடவை பிள்ளையை வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். உங்களுக்கு எழுத்துத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பசளைப் பையில் என்ன எழுதியிருக்கிறது, மருந்துப் போத்தலில் என்ன எழுதியிருக்கிறது, பஸ்ஸின் முன்னால் எந்த ஊர் போட்டிருக்கிறது என்று கேளுங்கள். பிள்ளை தடுமாறினால் அடிக்காதீர்கள். அடுத்த நாள் ஆசிரியரிடம் போய்ச் சொல்லுங்கள். கரும்பலகை தெரியாமல் அல்லது காது சரியாகக் கேளாமல் பின்தங்கும் பிள்ளைகளும் உண்டு. செல்லடி கேட்ட பிள்ளைகளிடையே இதைக் கவனிக்க வேண்டியிருந்தது. பாடசாலை மருத்துவப் பரிசோதனை நாளில் பிள்ளையை மறிக்க வேண்டாம்.

சுமைக்கு மிஞ்சி ரியூசனுக்குக் கடன்பட வேண்டாம். தரம் 3 இல் வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு தரம் 5 இல் கட்டும் ரியூசன் காசு, பாலை மரத்துக்கு ஊற்றிய பால் போன்றது.

பரிசளிப்பு நாள்

இனி, அந்தச் சிறுவனின் கதைக்குத் திரும்புவோம். ஆசிரியையும் நானும் அவனுடைய அப்பப்பாவும் குளக்கட்டுக்குப் போனோம். நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அவன் என்ன சொல்வதென்று தெரியாமல் மாட்டின் கயிற்றைச் சுற்றிக்கொண்டு நின்றான். ஆசிரியை மட்டும், "நோட்டீஸில வேற என்ன போட்டிருந்தது, சொல்லு பாப்பம்" என்று கேட்டார். ஒரு வரி விடாமல் ஒப்புவித்தான். "அப்ப உனக்குப் படிப்பு வராது எண்டு ஆர் சொன்னது?" என்று கேட்டார் ஆசிரியை. அன்று அவன் சிரித்தான். மறுநாளே போனான் என்று எழுத ஆசைதான். ஆனால் மேலும் நான்கு நாட்கள் சென்றன. பழைய சைக்கிளொன்றைத் திருத்திக் கொடுத்த பின்னர், பக்கத்து வீட்டுப் பெரிய பையனோடு புறப்பட்டான். இன்றும் போய்க்கொண்டிருக்கிறான். கணிதம் இன்னமும் கஷ்டம். தமிழில் வகுப்பில் நடுவிலே நிற்கிறான்.

ஆண்டிறுதிப் பரிசளிப்பு விழாவில் அதிபர் ஒரு மாற்றம் செய்தார். தரம் 5 முடித்த ஐவரையும் ஒன்றாக மேடைக்கு அழைத்தார். ஒவ்வொருவருக்கும் ஒரே அளவான புத்தகப் பொதி. ஒவ்வொருவரும் தரம் 1 இல், அல்லது சேர்ந்த நாளில், எழுதிய முதற் கொப்பியின் ஒரு தாளை ஆசிரியர்கள் பாதுகாத்து வைத்திருந்தார்கள். அதையும் அந்த ஆண்டில் எழுதிய ஒரு தாளையும் சேர்த்துப் பெற்றோரின் கையில் கொடுத்தார். வெட்டுப்புள்ளி பற்றி அன்று எவரும் பேசவில்லை.

அந்தப் பெரியவர் இரண்டு தாள்களையும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் முதல் தாளில் ஒரே ஒரு பெயர் இருந்ததையும், இரண்டாம் தாள் அடி வரை நிறைந்திருந்ததையும் அவர் கண்டார். பிறகு தாள்களை மடித்து மடியில் வைத்துக்கொண்டு பேரனிடம் சொன்னார்: "வீட்ட போய் வாசிச்சுக் காட்டு."

உங்கள் வீட்டிலும் இப்படியொரு பிள்ளை இருக்கக்கூடும். இன்றிரவு அவனை, அவளை அருகில் இருத்தி வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். சேர்விடாப்பைச் சுமந்த அந்த அதிபர் காப்பாற்ற விரும்பியது இந்தப் பெயர்களைத்தான். ஒரு பெயரும் விடுபடாமல் பார்த்துக்கொள்வது இனி நம்முடைய பொறுப்பு.